அன்னாசிப்பூ மரமும் சிகிமிச் செடியும்

அன்னாசிப்பூ மரம் (இருசொற்பெயர்: இல்லிசியம் வெரம்) என்பது தென் சீனாவையும் வட வியட்நாமையும் சேர்ந்த ஒரு பசுமைமாறா மரம் ஆகும். எட்டுக் கதிர்களைக் கொண்ட விண்மீன் வடிவிலான இதன் உலர்ந்த காய் நறுமணப் பொருளாகவும் மருந்துப் பொருளாகவும் பயன்படுகின்றது. சிகிமி (இருசொற்பெயர்: இல்லிசியம் அனிசேட்டம்) என்பது அதே பேரினத்தைச் சேர்ந்த, சப்பானில் இயற்கையாக வளரும், அழகுக்காகவும் சமயச் சடங்குகளுக்காகவும் வளர்க்கப்படும் பசுமைமாறாச் செடி ஆகும். இதன் காயும் விண்மீன் வடிவினதே. ஆனால் இக்காய் கடும் நச்சுத்தன்மை வாய்ந்தது.

உலர்ந்த நிலையில் இவ்விரு காய்களும் ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும். பொடியாக்கிய பின்னர் கண்ணால் பார்த்து வேறுபடுத்தவே இயலாது. இதனால் சிகிமிக் காய் அன்னாசிப்பூவுடன் கலந்து விற்கப்பட்டு, அதனை உட்கொண்டவர்கள் வலிப்பு கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவாகியுள்ளன. எனவே இவ்விரு நிலைத்திணைகளையும் ஒப்பிட்டு அறிவது தாவரவியலுக்கு மட்டுமன்றி உணவுப் பாதுகாப்புக்கும் தேவையான ஒன்றாகும்.

பெயர்கள்

தமிழில் அன்னாசிப்பூ என்று வழங்கினாலும் இது பூ அன்று. முற்றி உலர்ந்த காய் ஆகும். அன்னாசிப் பழத்துக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. நட்சத்திர சோம்பு என்னும் பெயரும் உண்டு. எனினும் சோம்பு எனப்படும் பெருஞ்சீரகம் கொத்தமல்லி, சீரகம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடியின் விதை போன்ற கனி. அன்னாசிப்பூ மரம் அக்குடும்பத்துக்கு மிகத் தொலைவானது. இரண்டிலும் அனெத்தோல் என்னும் ஒரே மணப்பொருள் இருப்பதால் மட்டுமே மணம் ஒத்திருக்கின்றது. மலையாளத்தில் அன்னாசிப்பூவைத் தக்கோலம் என்பர். இதனைக் கொண்டு பழந்தமிழ் நூல்களில் வரும் தக்கோலமும் இதுவே என்று முடிவு செய்வதற்கில்லை. நறுமணப் பொருள்களின் பெயர்கள் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் இடம் மாறுவது வழக்கம்.

சீன மொழியில் இதன் பெயர் பாச்சியாவோ என்பதாகும். எட்டுக் கொம்பு என்பது இதன் பொருள். சப்பானியர் உலர்ந்த காயை ஃகக்காக்கு என்றும், மரத்தைத் தோசிகிமி என்றும் அழைக்கின்றனர். தோசிகிமி என்றால் சீனச் சிகிமி என்று பொருள். மறுபுறம், ஐரோப்பியர் சிகிமியைச் சப்பானிய நட்சத்திர சோம்பு என்கின்றனர். அதாவது ஒவ்வொருவரும் தமக்கு முதலில் அறிமுகமான செடியின் பெயரையே மற்றதற்கும் ஏற்றி வழங்குகின்றனர். நச்சுச் செடிக்கு உணவுப் பொருளின் பெயர் அமைந்தது இவ்வகையில்தான். வணிகப் பட்டியல்களில் இன்றும் இது குழப்பம் விளைவிக்கின்றது.

சிகிமி என்னும் சொல் தீய காய் என்று பொருள்படும் பழைய சப்பானியச் சொற்றொடரின் குறுக்கம் என்று ஒரு விளக்கம் பரவலாகக் கூறப்படுகின்றது. அவ்வாறாயின் பெயரிலேயே எச்சரிக்கையைக் கொண்டிருந்த ஒரு செடி, ஐரோப்பாவுக்குச் சென்றபோது அந்த எச்சரிக்கையை இழந்தது எனலாம்.

பேரினப் பெயரான இல்லிசியம் என்பது கவர்ந்திழுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இச்செடிகளின் மணத்தைக் கருதி இப்பெயர் இடப்பட்டது.

பெயரிடலில் நேர்ந்த குழப்பம்

அன்னாசிப்பூ ஐரோப்பாவுக்கு 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயக் கடலோடி தாமசு காவெண்டிசு 1588-ஆம் ஆண்டளவில் பிலிப்பீன்சிலிருந்து இதனை இலண்டனுக்குக் கொண்டு வந்தார். 1601-இல் குளூசியசு என்னும் தாவரவியலாளர் இக்காயைப் பற்றி எழுதினார். பின்னர் சீனத் தேயிலையுடன் உருசியா வழியாக வந்தமையால் சைபீரிய ஏலக்காய் என்னும் பெயரும் இதற்கு வழங்கியது. ஆனால் இக்காயைத் தரும் மரத்தை ஐரோப்பியத் தாவரவியலாளர் எவரும் அப்போது கண்டதில்லை.

1690 முதல் 1692 வரை சப்பானில் தங்கியிருந்த செருமானிய மருத்துவர் எங்கெல்பர்ட்டு கெம்ப்பர், அங்குக் கண்ட சிகிமிச் செடியைப் பற்றி 1712-இல் வெளிவந்த தமது நூலில் விளக்கியிருந்தார். சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயசு, இருசொற்பெயரீட்டு முறையில் இதற்குப் பெயரிட்டபோது கெம்ப்பர் விளக்கிய செடியையே அடிப்படையாகக் கொண்டார். கடையில் கிடைக்கும் விண்மீன் காயைத் தரும் மரமும் இதுவே என்று அவர் கருதினார். எனவே 1759-இல் சோம்பு மணமுடையது என்னும் பொருள்பட இதற்கு இல்லிசியம் அனிசேட்டம் என்று பெயரிட்டார். உண்மையில் சோம்பு மணம் இல்லாத செடிக்குச் சோம்பின் பெயர் இவ்வாறு அமைந்துவிட்டது. தாவரப் பெயரீட்டு விதிகளின்படி முதலில் முறையாக வெளியிடப்பட்ட பெயருக்கே முன்னுரிமை என்பதால் பிழை தெரிந்த பின்னரும் அதனை மாற்ற இயலவில்லை. ஒரு மென்பொருளில் தவறான பெயர் சூட்டப்பட்ட ஒரு மாறியைப் பலரும் பயன்படுத்தத் தொடங்கிய பின் அதனை மாற்ற இயலாமற் போவதோடு இதனை ஒப்பிடலாம்.

1790-இல் உலூரெய்ரோ என்னும் போர்த்துக்கேயத் துறவி, இன்றைய வியட்நாமின் தாவரங்களைப் பற்றிய நூலில் உண்மையான அன்னாசிப்பூவையும் இல்லிசியம் அனிசேட்டம் என்றே குறிப்பிட்டார். இவ்வாறு ஒரே பெயர் இரு வேறு நிலைத்திணைகளுக்கு வழங்கலாயிற்று. சீபோல்டும் சுக்காரினியும் சப்பானியச் செடிக்குச் சமயத் தொடர்பு குறித்து இல்லிசியம் ரெலிகியோசம் என்று 1830-களில் பெயர் சூட்டினர். அப்பெயர் நெடுங்காலம் மருந்தியல் நூல்களில் வழங்கியது; இப்போது அனிசேட்டம் என்பதன் மாற்றுப் பெயராகவே கொள்ளப்படுகின்றது.

உண்மையான மரத்துக்குத் தனிப்பெயர் கிடைத்தது 1888-இல்தான். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த சோசப் தால்ட்டன் ஊக்கர் இதனை விளக்கி இல்லிசியம் வெரம் என்று பெயரிட்டார். வெரம் என்பதற்கு உண்மையானது என்பது பொருள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பியச் சமையலறைகளிலும் மருந்துக் கடைகளிலும் பயன்பட்ட ஒரு காயின் தாய்மரம் அப்போதுதான் தெளிவாக அறியப்பட்டது. இவ்வாராய்ச்சிக்கு 1880-களில் அங்கு நேர்ந்த நச்சுக் கலப்புகளும் ஒரு தூண்டுதல் ஆகும்.

வகைப்பாடு

இல்லிசியம் பேரினத்தில் ஏறத்தாழ 40 இனங்கள் உள்ளன. முன்னர் இப்பேரினத்துக்கென இல்லிசியேசியே என்னும் தனிக் குடும்பம் இருந்தது. 2009-ஆம் ஆண்டின் ஏபிஜி III வகைப்பாட்டில் இது சிசாண்ட்ரேசியே குடும்பத்துடன் இணைக்கப்பட்டது. பூக்கும் நிலைத்திணைகளின் படிவளர்ச்சி மரத்தில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளைகளுள் ஒன்று இது. ஒருவித்திலை, இருவித்திலை என்று நாம் பள்ளியில் படித்த இரு பெரும் பிரிவுகள் தோன்றுவதற்கு முன்னரே இதன் முன்னோர்கள் தனிவழி சென்றுவிட்டனர். வித்திலைகள் இரண்டு இருப்பினும் இதனை இன்றைய பொருளில் உண்மை இருவித்திலை எனக் கொள்வதில்லை.

மரமும் செடியும்

அன்னாசிப்பூ மரம் பொதுவாக 8 முதல் 15 மீட்டர் உயரம் வளரும். பட்டை வெண்சாம்பல் நிறமானது. இலைகள் தடித்தவை, பளபளப்பானவை, கசக்கினால் மணம் தருபவை. பூக்கள் இளஞ்சிவப்பு முதல் கருஞ்சிவப்பு வரையான நிறம் உடையவை, இதழ்கள் அகன்றவை. சீனாவின் குவாங்சி மாநிலமும் வியட்நாமின் இலாங் சோன் மாநிலமும் இதற்குப் பெயர் பெற்றவை. ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். காய்கள் முற்றும் முன் பச்சையாகவே பறிக்கப்பட்டு, செம்பழுப்பு நிறம் அடையும் வரை வெயிலில் உலர்த்தப்படுகின்றன. கட்டை போன்ற தன்மையும் மணமும் இவ்வாறு உலரும்போதே நிறைவாக அமைகின்றன.

சிகிமி பெரும்பாலும் 2 முதல் 5 மீட்டர் உயரமுள்ள புதர்ச்செடியாக வளரும். காட்டில் விட்டுவிட்டால் சிறு மரமாகவும் ஆகும். சப்பானின் ஒன்சூத் தீவின் தென்பகுதியிலிருந்து ஓக்கினாவா வரையிலும், கொரியாவின் செச்சுத் தீவிலும் இது காணப்படுகின்றது. இளவேனிற் காலத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில், ஒடுங்கிய பல இதழ்களுடன் பூக்கும். இதழ்களின் எண்ணிக்கை பெரும்பாலும் பதினைந்துக்கு மேல் இருக்கும். ஆகவே பூத்து நிற்கும்போது இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. ஒன்று சிவந்த அகல இதழ்ப் பூ, மற்றொன்று வெளிறிய ஒடுங்கிய இதழ்ப் பூ. சிக்கல் முழுவதும் காயில்தான் உள்ளது. காயை வாங்குபவர் பூவைப் பார்ப்பதில்லை.

ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பதாலும், நிழலில் வளர்வதாலும், விலங்குகள் மேயாததாலும் சிகிமி தோட்டங்களில் விரும்பி வளர்க்கப்படுகின்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதமான குளிர்காலம் உள்ள பகுதிகளில் அழகுச் செடியாகக் கிடைக்கின்றது. இங்கு இன்னொரு பெயர்க் குழப்பத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். இசுக்கிம்மியா என்னும் பெயரில் நாற்றுப் பண்ணைகளில் விற்கப்படும் சிவந்த பழங்களையுடைய பசுமைமாறாச் செடி சிகிமி அன்று. அது எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பானில் மலைச் சிகிமி என்று வழங்கிய அச்செடிக்கு 1783-இல் துன்பர்க்கு அப்பெயரைச் சூட்டினார்.

காய்களை வேறுபடுத்தி அறிதல்

இரண்டின் காயும் ஒரே அமைப்புடையவை. நடுவில் ஓர் அச்சும், அதனைச் சுற்றிப் படகு வடிவில் அமைந்த அறைகளும், ஒவ்வோர் அறையிலும் பளபளப்பான பழுப்பு விதை ஒன்றும் இருக்கும். ஒவ்வோர் அறையும் மேற்புற விளிம்பில் வெடித்துத் திறக்கும்.

கதிர்களை எண்ணிப் பார்த்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். இது பிழையான நம்பிக்கை. இரண்டிலும் பெரும்பாலும் எட்டுக் கதிர்களே இருக்கும். சிகிமியில் சில காய்களில் பத்துக்கு மேலும் இருக்கலாம். அன்னாசிப்பூவிலும் சில அறைகள் வளராமல் ஆறு, ஏழு கதிர்களே தோன்றுவதுண்டு. எனவே எண்ணிக்கையைக் கொண்டு எதனையும் உறுதி செய்ய இயலாது.

மருந்தியல் நூல்கள் கூறும் வேறுபாடுகள் பின்வருமாறு. அன்னாசிப்பூ பெரியது, குறுக்களவு பெரும்பாலும் 2.5 முதல் 3.5 செ.மீ. வரை இருக்கும். சிகிமிக் காய் சற்றுச் சிறியது. அன்னாசிப்பூவின் கதிர்முனை மழுங்கியோ நேராகவோ முடியும். சிகிமியின் கதிர்முனை கூரிய அலகு போல் நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும். அன்னாசிப்பூவின் காம்பு கொக்கி போல் வளைந்தது. சிகிமியின் காம்பு நேரானது. மணத்தைப் பொறுத்தவரை, அன்னாசிப்பூவை உடைத்தால் சோம்பின் இனிய மணம் உடனே எழும். சிகிமியில் அம்மணம் இராது. ஏலக்காயையும் கற்பூரத்தையும் நினைவூட்டும் ஒரு மணமே இருக்கும்.

நூலில் படிக்கும்போது இவை தெளிவாகத் தோன்றினாலும் நடைமுறையில் அவ்வாறு இல்லை. அன்னாசிப்பூவிலும் சிறு காய்கள் உண்டு. மூட்டைகளில் அடைத்து அனுப்பும்போது காம்புகள் பெரும்பாலும் முறிந்துவிடும், அலகுகளும் உடைந்துவிடும். மேலும் இரண்டும் ஒரே மூட்டையில் கலந்துவிட்டால் அன்னாசிப்பூவின் மணமே மேலோங்கி நிற்கும். சிகிமிக் காய்கள் அம்மணத்தைத் தாமும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே மணமும் நம்பத்தக்க சான்று ஆகாது. கடித்துச் சுவைத்துப் பார்த்து அறியலாம் என்று சிலர் கூறுவது அறவே பின்பற்றத் தகாதது.

நுண்ணோக்கியில் காம்பு, நடு அச்சு ஆகியவற்றின் உயிரணுக்களை ஆராய்ந்து வேறுபடுத்தும் முறை பழமையானது. விண்மீன் வடிவக் கல்லணுக்கள் அன்னாசிப்பூவின் நடு அச்சிலும் காம்பிலும் காணப்படும். சிகிமியில் அவை இரா. பொடியாக்கிய சரக்கில் இம்முறையும் கடினமாகும். அந்நிலையில் வளிம நிறப்பகுப்பியலால் அனெத்தோலின் அளவை அறியலாம். ஆயினும் இதிலும் ஒரு குறை உள்ளது. நூறு கிலோ அன்னாசிப்பூவில் ஐந்து கிலோ சிகிமி கலந்திருந்தால் அனெத்தோலின் அளவு பெரிதாக மாறுவதில்லை. எனவே நச்சுப்பொருளான அனிசாட்டினையே நேரடியாகத் தேடும் நீர்ம நிறப்பகுப்பு மற்றும் பொருண்மை நிறமாலை முறைகளே இன்று நம்பத்தக்கவை. மரபணுக் குறியீட்டு முறையாலும் இனத்தை அறிய இயலும்.

வீட்டில் பயன்படுத்துவோருக்கு இவ்வசதிகள் இல்லை. பொடியையும் உடைந்த துண்டுகளையும் தவிர்த்து, காம்புடன் கூடிய முழுக் காய்களை வாங்குவதும், கூரிய வளைந்த அலகுடைய சிறு காய்கள் மிகுதியாகத் தென்பட்டால் அச்சரக்கை ஒதுக்குவதுமே செய்யக்கூடியவை.

வேதிப்பொருள்கள்

அன்னாசிப்பூவின் மணத்துக்குக் காரணம் அதன் ஆவியாகும் எண்ணெய். அவ்வெண்ணெயில் 85 முதல் 90 விழுக்காடு அளவு அனெத்தோல் உள்ளது. பிரான்சின் பாசுட்டீசு போன்ற சோம்பு மணமுடைய மதுவகைகளுக்கு மணம் சேர்ப்பதும் இதுவே. சிகிமியின் எண்ணெயில் அனெத்தோல் மிகக் குறைவு. சாஃப்ரோல், சினியோல் முதலியவை அதில் உள்ளன.

சிகிமியின் நச்சுப்பொருள் அனிசாட்டின் ஆகும். 15 கரிம அணுக்களைக் கொண்ட இம்மூலக்கூறு 1952-இல் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் கட்டமைப்பு 1960-களில் சப்பானிய வேதியியலாளர்களால் கண்டறியப்பட்டது. மூளையில் நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணிப்பதற்குக் காபா என்னும் வேதிப்பொருள் உள்ளது. அது தனக்குரிய ஏற்பியில் இணையும்போது கிளர்ச்சி அடங்கும். அனிசாட்டின் அந்த ஏற்பியின் அயனி வாயிலை அடைத்துவிடுகின்றது. தணிக்கும் ஆற்றலை இழந்த நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றிக் கிளர்ச்சியுறுவதே வலிப்பாக வெளிப்படுகின்றது. எளிமையாகக் கூறின் வண்டியின் விசையை இது கூட்டுவதில்லை, நிறுத்தியைப் பிடுங்கிவிடுகின்றது. எலிகளில் உடல் எடை கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் அளவே உயிரைப் போக்கவல்லது.

அன்னாசிப்பூ முற்றிலும் நச்சற்றது என்று கூறுவதும் சரியன்று. அதிலும் வெரானிசாட்டின் எனப்படும், அனிசாட்டினை ஒத்த பொருள்கள் மிகச் சிறு அளவில் உள்ளன. குருமாவிலோ பிரியாணியிலோ இடும் ஓரிரு காய்களால் தீங்கு நேர்வதில்லை. ஆனால் சில கிலோ எடையே உள்ள பச்சிளங் குழந்தைக்குப் பல காய்களைக் கொதிக்க வைத்த நீரைப் புகட்டும்போது, கலப்படம் இல்லாத அன்னாசிப்பூவாக இருந்தாலும் அதனைத் தீங்கற்றது என்று சொல்ல இயலாது.

நச்சு நிகழ்வுகள்

செப்டம்பர் 2001-இல் நெதர்லாந்தில் ஒரு மூலிகைத் தேநீர்க் கலவையைக் குடித்த 63 பேர் நோயுற்றனர். குடித்த 2 முதல் 4 மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. 22 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 16 பேருக்கு உடல் முழுவதும் வலிப்பு ஏற்பட்டது. ஆராய்ந்தபோது தேநீரில் இருந்த அன்னாசிப்பூவில் சிகிமி கலந்திருந்தது தெரிய வந்தது. அதே ஆண்டில் எசுப்பானியாவிலும் குழந்தைகள் உட்படப் பலர் பாதிக்கப்பட்டதால் அங்கும் அன்னாசிப்பூ விற்பனையிலிருந்து மீட்கப்பட்டது. இதனைத் தொடர்ந்து ஐரோப்பிய ஆணையம் பிப்ரவரி 2002-இல் வெளிநாடுகளிலிருந்து வரும் அன்னாசிப்பூவுக்குத் தனிக் கட்டுப்பாடுகளை விதித்தது.

அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் செப்டம்பர் 2003-இல் அன்னாசிப்பூத் தேநீரை அருந்த வேண்டா என்று பொதுமக்களை எச்சரித்தது. ஏறத்தாழ 40 பேர் பாதிக்கப்பட்டதாகவும், அவர்களுள் 15 பேரளவில் கைக்குழந்தைகள் என்றும் அவ்வறிக்கை கூறியது. மயாமி நகரில் இத்தேநீர் புகட்டப்பட்டு நரம்புக் கோளாறுகளுடன் மருத்துவமனைக்கு வந்த 7 குழந்தைகளைப் பற்றி 2004-இல் ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை வெளியாயிற்று.

இந்நிகழ்வுகளில் குழந்தைகள் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இலத்தீன் அமெரிக்க, கரிபியன் குடும்பங்களில் குழந்தை வயிற்று வலியால் விடாது அழும்போது அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்து அந்நீரைப் புகட்டுவது வழிவழி வந்த கைம்மருந்து. நம் வீடுகளில் ஓம நீர் கொடுப்பதைப் போன்றது அது. பாட்டியும் தாயும் செய்ததையே அத்தாய்மார்களும் செய்தனர். மருந்து மாறவில்லை, செய்முறையும் மாறவில்லை. கடையிலிருந்து வந்த காய்தான் வேறாக இருந்தது. எத்தனை காய், எவ்வளவு நீர், எவ்வளவு நேரம் என்பதற்கு அளவு ஏதும் இல்லாததும் தீங்கை மிகுவித்தது. குழந்தை அழுகையை நிறுத்தாவிட்டால் இன்னும் சிறிது கொடுப்பதே இயல்பு.

நச்சின் அறிகுறிகள் எரிச்சல், இடைவிடாத அழுகை, வாந்தி, உடல் நடுக்கம், கண்மணிகளின் விரைவான அசைவு, வலிப்பு ஆகியன. வயிற்று வலியின் தொடக்க அறிகுறிகளும் எரிச்சலும் அழுகையுமே என்பதால் பெற்றோர் நச்சின் விளைவை நோயாகவே கருதிவிடக் கூடும். அனிசாட்டினுக்கு மாற்றுமருந்து இல்லை. காபா ஏற்பியின் செயலை ஊக்குவிக்கும் டயசெப்பாம் போன்ற மருந்துகளைக் கொண்டு வலிப்பை அடக்கி, மூச்சையும் நீர்ச்சத்தையும் பேணுவதே மருத்துவம். உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் பெரும்பாலோர் ஓரிரு நாள்களில் தேறிவிடுகின்றனர். இத்தகைய நிலையில் குழந்தைக்கு என்ன புகட்டப்பட்டது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுவதும், மீந்த காய்களை உடன் எடுத்துச் செல்வதும் மிகவும் இன்றியமையாதவை.

சிகிமிக் அமிலம்

சப்பானில் பணியாற்றிய நெதர்லாந்து வேதியியலாளர் ஐக்மன் 1885-இல் சிகிமிக் காயிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து அதற்குச் சிகிமிக் அமிலம் என்று பெயரிட்டார். இது நச்சுப்பொருள் அன்று. நச்சுச் செடியின் பெயரைத் தாங்கியிருப்பதால் இதனையே நச்சு என்று சிலர் தவறாகக் கருதுவதுண்டு. நிலைத்திணைகளும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் ஃபினைல் அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன் ஆகிய அமினோ அமிலங்களை ஆக்கும் வழியில் இது ஓர் இடைநிலைப் பொருள் என்பதனை 1950-களில் பெர்னார்டு தேவிசு கண்டறிந்தார். மாந்தரிடம் இவ்வழி இல்லை. கிளைஃபோசேட்டு என்னும் களைக்கொல்லி தடுப்பது இவ்வழியைத்தான்.

அன்னாசிப்பூவிலும் இவ்வமிலம் மிகுதியாக உள்ளது. 1999-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஓசெல்ட்டாமிவிர் என்னும் சளிக்காய்ச்சல் மருந்தை (வணிகப் பெயர்: டாமிஃபுளூ) ஆக்குவதற்கு இவ்வமிலமே தொடக்கப் பொருள் ஆயிற்று. 2005-இல் பறவைக் காய்ச்சல் அச்சத்தால் உலக நாடுகள் அம்மருந்தைச் சேமிக்கத் தொடங்கியபோது அன்னாசிப்பூவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை உயர்ந்தது. பின்னர் மரபணு மாற்றிய ஈ. கோலை பாக்டீரியாவைக் கொண்டு நொதித்தல் முறையிலும் சிகிமிக் அமிலம் ஆக்கப்படலாயிற்று.

இச்செய்தியை அடுத்து, அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் பறவைக் காய்ச்சல் தீரும் என்னும் கருத்து பரவியது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவிய காலத்திலும் இது மீண்டும் வலம் வந்தது. இதற்கு அடிப்படை இல்லை. சிகிமிக் அமிலம் தானே நச்சுயிரியைத் தடுப்பதில்லை. பல படிகளைக் கொண்ட வேதிவினைகளுக்குப் பின்னரே அது மருந்தாகின்றது. செங்கல்லை அடுக்கி வைத்தாலே வீடாகிவிடாது.

சப்பானியச் சமய வாழ்வில் சிகிமி

சிண்டோ வழிபாட்டில் சக்காக்கி என்னும் செடியின் கிளைகள் பயன்படுவதைப் போல, பௌத்த வழிபாட்டில் சிகிமிக் கிளைகள் பயன்படுகின்றன. கோயில் வளாகங்களிலும் இடுகாடுகளிலும் இதனை நடுவர். வெட்டிய கிளைகள் நெடுநாள் வாடாமல் இருப்பதால் கல்லறைகளின் முன் வைப்பதற்கு ஏற்றவை. உலர்ந்த இலையையும் பட்டையையும் பொடித்து நறும்புகைக்குப் பயன்படுத்துகின்றனர். கல்லறைகளை விலங்குகள் தோண்டாமல் காப்பதற்காக நச்சுத்தன்மையுள்ள இச்செடியைச் சுற்றிலும் நட்டனர் என்னும் விளக்கமும் உண்டு.

இவ்வளவு போற்றப்படும் செடியாயினும் அதன் காயைப் பற்றிச் சப்பானியர் விழிப்புடனேயே உள்ளனர். சப்பானின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் சிகிமிக் காய் தீங்கு விளைவிக்கும் பொருளாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. வேதிப்பொருள்களே நிறைந்துள்ள அப்பட்டியலில் ஒரு நிலைத்திணையின் பெயர் நேரடியாக இடம்பெற்றிருப்பது இஃது ஒன்றே.

பிற இனங்களும் இந்தியாவும்

கலப்படத்துக்குச் சிகிமி மட்டுமே காரணம் அன்று. சீனாவில் இயற்கையாக வளரும் இல்லிசியம் இலான்சியோலேட்டம் என்னும் இனமும் நச்சுத்தன்மை உடையது. அதன் காயும் அன்னாசிப்பூவுடன் கலந்துவிடுவதுண்டு. காடுகளில் காய் பறிப்போர் இனம் பிரித்து அறியாமல் கலப்பதும், விலை உயரும்போது வணிகர் அறிந்தே கலப்பதும் என இரு வழிகளிலும் இது நிகழலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாப் பகுதியைச் சேர்ந்த இரு இல்லிசியம் இனங்களும் தோட்டச் செடிகளாக வளர்க்கப்படுகின்றன. அவற்றின் காய்களையும் உண்ணலாகாது.

இந்தியாவில் அருணாச்சலப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி மலைக்காடுகளில் இல்லிசியம் கிரிஃபித்தியை என்னும் இனம் வளர்கின்றது. இதன் காயை அங்குள்ளோர் லிசி என்னும் பெயரால் திரட்டி விற்கின்றனர். இதுவும் விண்மீன் வடிவினதே. ஆயினும் சமையலுக்குரிய அன்னாசிப்பூ இதுவன்று. தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை ஆகியவற்றுடன் சேர்த்து விற்கப்படும் அன்னாசிப்பூ பெரும்பாலும் வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் இறக்குமதி செய்யப்படுவதாகும். மரம் இங்குப் பரவலாக வளராததால், காயைத் தவிர இதன் இலையையோ பூவையோ கண்டவர்கள் நம்மிடையே மிகக் குறைவு.